காதுக்குறி

ஜனவரி இரண்டு.
கௌதொகெய்னோவில் சூரியன் தலைகாட்ட
இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்.
ரவ்னா விழித்ததும் நாக்கில் ஒரு வெள்ளை மாத்திரை.
அதில் முக்கால்வாசிக்கும் மேல் வெறும் மாவு.
கடுகொன்றை இருபதாய் நறுக்கி
அதில் ஒரு துணுக்கை எடுத்தால் எவ்வளவோ
அவ்வளவுதான் சரக்கு.
அரைமணி கழித்துத்தான் காபி குடிக்கலாம்.
அந்த அரைமணி
அவளுக்குத் துருவ இரவைவிட நீளம்.

போன குளிர்காலம் அவள் ஒரு கல்.
பனிவண்டிச் சாவியைத் திருக
விரல் வரவில்லை.
குரல் தடித்தது. சீப்பு நிறைய முடி.
"இருட்டுக்காலம்தானே,
எல்லாருக்கும் இப்படித்தான்" என்றான் யோவ்னா.
அண்ணன். நல்லவன். அவனுக்கும் தூக்கம் வந்தது.
மே பிறந்தது.
சூரியன் அடையவே மாட்டேன் என்று
அடம் பிடித்தது.
அவள் எழுந்திருக்கவில்லை.

ஆல்தாவில் ஓர் இளம் டாக்டர்:
"கழுத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது,
அது களைத்துவிட்டது."
"எங்கள் பக்கம் கொசுதான் அதிகம்" என்றாள் ரவ்னா.
அவன் சிரித்தான். பிறகு விளக்கினான்:
அது சுரப்பது ரத்தத்தில் கலக்கும்,
ஊரெல்லாம் சுற்றும்,
இதயம், குடல், குதிகால்த் தோல்,
அந்தந்த இடம் தனக்குள்ளதை எடுத்துக்கொள்ளும்.
"எதை வைத்து எடுக்கும்?"
அவன் காகிதத்தில் ஒரு வட்டம் வரைந்தான்.
முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

பட்டி!
பனிமான் இரண்டாயிரம் உள்ளே பாய்ந்து
இடஞ்சுழியாய் ஓடும், நிற்காது.
குளம்பும் ஆவியும் முடியும் கலந்த ஒரே ஆறு.
நடுவில் நிற்பவர்கள்
ஆளுக்கொரு வெட்டைத் தேடுவார்கள்:
வலக்காது நுனியில் ஒரு கொத்து,
இடக்காதின் பின்விளிம்பில் இரண்டு பல்.
மற்ற காதெல்லாம் கண்ணில் படாது.
கயிறு பறக்கும்.

தான் யாருடையது என்று
மானுக்குத் தெரியாது.
படிக்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் தெரியும்.
ஒரே வீட்டுக் குறிதான்,
ஆனாலும் தம்பி அதை வண்டியில் பூட்டுவான்,
அண்ணன் கறி போடுவான்.
குறியில் அதெல்லாம் எழுதியிருக்காது.

இன்று மேய்ச்சல் மேட்டில் அந்தப் பெரிய கிடா.
செப்டம்பரில் பார்த்திருக்க வேண்டும் அவனை!
கழுத்து தூணாய்ப் பருத்து,
தின்னாமல், படுக்காமல்,
தன் மூத்திரத்திலேயே கால் நனைத்து
கண்ட புதரையெல்லாம் முட்டிக்கொண்டு.
பிறகு உள்ளே ஏதோ வற்றியது.
வலக்கொம்பு ஒரு செவ்வாய்க்கிழமை விழுந்தது.
இடக்கொம்பு விழ மூன்று நாள்;
அதுவரை தலையைச் சாய்த்தே நடந்தான்,
காதில் தண்ணீர் புகுந்தவன் மாதிரி.

இப்போது பனியைத் தோண்டித் தோண்டி
பாசியை எட்டிவிட்டான்.
பின்னாலேயே வந்தாள் அவனில் பாதி எடையுள்ள ஒருத்தி.
விறகுச் சுள்ளிபோல் இரண்டு கொம்பு.
ஒரே ஓர் இடி.
அவன் ஒதுங்க, குழி அவளுடையதாயிற்று.
வயிற்றில் கன்று இருக்கும்வரை
அவள் தலையில் அது நிற்கும்.
ஈன்ற சில நாளில்
அவளும் மொட்டை.

நண்பகல் நீலத்தில்
யோவ்னா கொம்புள்ள தலைகளை எண்ணுகிறான்,
வாய்க்குள் முணுமுணுத்தபடி.
குளிர் மைனஸ் முப்பத்தொன்று.
ரவ்னாவுக்குக் குப்பென்று வேர்க்கிறது.
நெஞ்சிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து நெற்றி,
யாரோ உள்ளே அடுப்பைத் திறந்துவிட்டதுபோல்.
இந்த மாதத்தில் நான்காம் தடவை.
நாற்பத்தெட்டு வயது.
தொப்பியைக் கழற்றுகிறாள், கோட்டின் பல்லிழுவையை
வயிறுவரை இறக்குகிறாள்.
தலையிலிருந்து ஆவி நேராய் மேலேறுகிறது.

"பைத்தியமா உனக்கு? என்ன ஆச்சு?"

"கொம்பு விழுகிறது" என்றாள்.

அவன் வாய் நூற்றுப் பன்னிரண்டில் நின்றது.
போச்சு, எண்ணிக்கை போச்சு.
முதலிலிருந்து.