இடது கண்

லாபிஸ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
எதை எடுத்தாலும் ரெண்டு வெள்ளி நாப்பது காசுக் கடை.
மூன்றாவது வரிசையில்
தோசைக் கரண்டிக்கும் எலிப்பொறிக்கும் நடுவே
எகிப்து ராணியை அடுக்கினேன்.
நாற்பத்தெட்டுக் கோப்பைகள்,
ஒவ்வொன்றையும் சுற்றிக் கசங்கிய சீனப் பத்திரிகை.

தட்டையான நீலக் கிரீடம்.
கொக்கு தலை நிமிர்த்தியது போலக் கழுத்து.
வலது கண்ணில் கறுப்பு மணி.
இடது கண்ணில் வெறும் சுண்ணாம்பு.

முதலில் திருப்பிக் கொண்டுவந்தவள் பாக்கியவதி.
"ஒரு கண்ணுல சாயம் ஊத்தல பாரு.
பரீட்சைக்குப் போற பிள்ளைக்கு
இதுலயா மைலோ கலக்குறது?"
மறுநாள் பள்ளிக்கூட ஜாகா.
பிறகு ஒரு மலாய் ஆசிரியை, ரசீதோடு.
எட்டாம் நாள் என் நோட்டில்:
விற்றது பத்தொன்பது
திரும்பியது பதினான்கு.

சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் தேடினேன்.
அசல் சிலையே அப்படித்தானாம்.
மூவாயிரத்து முந்நூறு வருஷமாக
அந்தக் கண்ணில் மணி இல்லை.
விழுந்துவிட்டதா, வைக்கவே இல்லையா,
ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
அவள் பெயருக்கு அர்த்தம் மட்டும் தெரிகிறது:
அழகி வந்துவிட்டாள்.

மேனேஜர் ஃபூங்கிடம் படத்தைக் காட்டினேன்.
படத்தைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்தார்.
"பூபோ மாத்தா லா" என்றார்,
கண்ணை வைத்துத் தொலை என்று.
எழுதுபொருள் வரிசையில் ஒரு மார்க்கர் எடுத்தேன்.
அதன் ரெண்டு வெள்ளி நாப்பதை
என் பெயரில் எழுதச் சொன்னார்.

கோயிலில் கண் திறப்பதென்றால்
திரை கட்டுவார்கள், பொன்னூசி எடுப்பார்கள்.
திறந்த கண் முதலில் பார்ப்பதற்கு
கன்றோடு ஒரு பசு நிற்கும்.
நான் திறந்த கண்கள் முதலில் பார்த்தது
கொசுவத்தி அடுக்கை.

ஒருத்திக்கு மாறுகண் விழுந்தது.
ஒருத்தி அழுது முடித்து முகம் கழுவியவள்.
ஒருத்தி அச்சாக என் நாத்தனார்,
கூட்டுப் பணத்தைக் கணக்குக் கேட்கும் நேரத்தில்.
இருபதைத் தாண்டியதும் கை பழகிவிட்டது.
அதன்பின் எல்லாம் ஒழுங்காக வந்தன,
ஒன்றும் நினைவில் இல்லை.
நாற்பத்து மூன்று.

சனிக்கிழமை வீரபத்திரன் வந்தார், பேட்டரி வாங்க.
செம்பனை அறுவடைக்காரர்.
இரண்டு வருஷத்துக்கு முன்
வெட்டிய மட்டையின் சிராய் விழுந்த கண்ணைக்
கறுப்புக் கண்ணாடியில் வைத்திருப்பார்.
கோப்பையை எடுத்தார்.
வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார்.
"இதுக்குக் கண்ணு வச்சது யாரு?"
"நான்தாண்ணே."
"அழிச்சுக் குடு."

நகச்சாயம் கழுவும் மருந்தை ஐந்தாம் வரிசையில் திறந்தேன்.
(அதுவும் என் பெயரில்.)
பஞ்சில் வந்தது மணி, கொஞ்சம் புருவமும்.
காசை எண்ணி வைத்தபடி
என்னிடமா ராணியிடமா என்று தெரியாமல் சொன்னார்:
"சொக்சோவுல எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க.
ஆட்டுக்கண்ணு மாதிரி.
அலமாரியில கெடக்கு, பொத்தானோட."

மற்ற நாற்பத்திரண்டும் தீபாவளிக்கு முன்பே போய்விட்டன.
எதுவும் திரும்பவில்லை.
அது மட்டமான மை, நான்கு கழுவலுக்குக்கூடத் தாங்காது
என்று எனக்குத் தெரியும்.
தினமும் கடை திறக்கும்போது
பாக்கியவதியை எதிர்பார்த்தேன்.

மார்கழியில் அவள் மகள் வயதுக்கு வந்ததற்கு
சீனியும் துணியும் கொண்டு போனேன்.
தேநீர் வந்தது.
இந்தப் பக்கம் நீலக் கிரீடம்.
இடது கண்ணில் பாதி மணி,
மீதி சாம்பல் நிறத்தில் கன்னத்துக்கு இறங்கியிருந்தது.
"ஏன் நீ கொண்டுவந்து மாத்தல?" என்றேன்.
"எதை?" என்றாள் பாக்கியவதி,
முறுக்குத் தட்டை நகர்த்திக்கொண்டே.

கோப்பை நல்ல சூடு.
இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.
கீழே வைத்தபோது
மீதிக் கறுப்பு என் கட்டைவிரலில் இருந்தது.
யாரும் பார்க்கவில்லை.
புடவைக்குள் துடைத்துக்கொண்டேன்.