இடது கால், ஒன்று

கோப்பின் மேலட்டையைக் கரையான் தின்றுவிட்டது.
உள்ளே ஆள் பத்திரமாக இருக்கிறார்:
நம்புவேல், வயது முப்பத்தெட்டு, மாநிறம்,
வலது புருவத்தில் தையல் போட்ட தழும்பு.
பங்குனி பதினொன்றில் வாலிநோக்கத்திலிருந்து
வத்தையில் போனவர்,
திரும்பி வந்த வத்தையில் இல்லாதவர்.

நான் இந்த ஸ்டேஷன் ரைட்டர்.
எனக்கு முன்னால் நான்கு பேர்
வருடத்துக்கு ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்:
விசாரணையில் முன்னேற்றம் இல்லை.
மூன்றாமவர் மட்டும் கொஞ்சம் தயங்கியிருக்கிறார்.
‘இல்லை’க்கு முன்
பேனா நின்ற இடத்தில் ஒரு மைப்பொட்டு.

கூடப் போனவர்கள் இருவர்.
நல்லதண்ணித் தீவுக்குத் தெற்கே கடல் கொந்தளிப்பு,
அணியத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தால் காணோம்.
ஒருவர் இங்கே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னது.
மற்றவர் இரண்டு நாள் கழித்து
கீழக்கரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னது.
எழுதிய ஏட்டுகள் வேறு, கையெழுத்து வேறு.
இரண்டிலும் ‘கொந்தளிபு’.
ஒரு ‘ப்’ மட்டும்
இரண்டு தாளிலும் ஒரே இடத்தில் மூழ்கியிருக்கிறது.

பங்குனிக் கடல்
தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெய் என்று
இந்த ஊரில் நண்டுக்கும் தெரியும்.

பூமயில் பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்து வருவாள்.
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்க்காமலே வருவாள்.
ஏழு வருடம் காணவில்லை என்றால்
செத்ததாகச் சட்டம் நினைத்துக்கொள்ளுமாம்.
பதினொன்று ஆகிவிட்டது.
தாலுகா ஆபீஸில் இன்னும் யாரும் நினைத்துக்கொள்ளவில்லை.
ரேஷன் அட்டையில் அவர்தான் குடும்பத் தலைவர்.
போன தேர்தலில்
காலை எட்டு மணிக்கே அவர் ஓட்டு விழுந்திருந்தது.

இந்த முறை,
“அந்தச் செருப்ப ஒருக்கா காட்டுங்கம்மா” என்றாள்.

சொத்து அறையில் மண்ணெண்ணெய் வாடை.
சாராயக் கேன்கள், ஹேண்டில்பார் இல்லாத சைக்கிள்,
யாரையோ வெட்டிய அரிவாள்,
யாரையும் வெட்டாத அரிவாள்.
அரக்கு உதிர்ந்த பையில் சீட்டு:
ரப்பர் செருப்பு, இடது கால், ஒன்று.
வத்தையின் அடிப்பலகையில் கிடந்தது.

திருப்பிப் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள்.

“இது அவுகளுது இல்ல.
அவுக செருப்பு கரையில கிடந்துச்சு, ரெண்டும்.
நாந்தான் எடுத்துட்டுப் போனேன். வீட்டுல இருக்கு.
கடலுக்குப் போறவன் எவம்மா செருப்போட ஏறுவான்?”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“அன்னைக்கே சொன்னேன்.
எழுதிக்கிறோம்னு சொன்னாக.”

பக்கம் பக்கமாகத் தேடினேன்.
எழுதிக்கொள்ளவில்லை.

அறுந்த வாரைச் செம்புக் கம்பியால் கட்டியிருந்தது.
கடலுக்குப் போகாத ஒருவன்.
நான்காவது ஆள்.
கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால்
எங்காவது ஒரு வீட்டு வாசலில் நிற்கலாம் என்று
அரை நிமிடம் நம்பினேன்.
கப்பல் உடைத்த ஊர் இது.
செம்புக் கம்பி இல்லாத வீடு எது?

கோப்பில் ஒரு போட்டோ.
கரையேற்றிய வத்தை, சுற்றிலும் கூட்டம்,
நடுவில் வெள்ளைச் சட்டைகள் சில.
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
எல்லோருக்கும் முழங்காலோடு படம் முடிந்துவிடுகிறது.

இன்ஸ்பெக்டர் உள்ளிருந்து சொன்னார்:
“அது ஆக்சன் டிராப்டு, வை.”

வைக்கவில்லை.
இந்த வருடத்து வரியைத் தொடங்கினேன்:
வத்தையில் கைப்பற்றிய செருப்பு இறந்தவருடையது அல்ல.

எழுதி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது.
‘காணாமல் போனவருடையது’ என்றிருக்க வேண்டும்.
பதினோரு வருடத்தில்
இந்த மேசையில் யாரும் எழுதாத சொல்.
அடிக்கப் போனேன்.

எதிரே நின்று
தலைகீழாக எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள் பூமயில்.
விரல் துணியை அவிழ்த்தாள்,
மறுபடியும் இறுக்கிச் சுற்றினாள்.

“அத அடிக்காதீங்க” என்றாள்.