விடுபட்ட கட்டம்

போலந்து, ரிப்னிக். ஏழாம் வகுப்பு, ஜனவரிப் பனி.
கரிக்குப் பதில் கறுப்புப் பொத்தான்கள்;
யார் கையில் குறைவோ அவர்களுக்கு வெற்றி.

பேருந்தில் வந்தால் இரண்டு போகும்.
சன்னல் இடுக்கில் பஞ்சு அடைத்தால் மூன்று.
டோபியாஷ் இறைச்சியை விட்டுவிட்டு
உடனே வருந்தினான், சிரிப்பு.

யாக்னா எடுத்த சீட்டில்:
‘சுரங்கத்தை மூடு. நாற்பது.’
போட்டால் ஜெயித்தாள்.
போடவில்லை.
மணி அடித்தது.

மாலையில் எண்ணினேன், ஒரு சீட்டு குறைந்தது.

மறுநாள் அது என் மேசையில்.
ஓரத்தில் கட்டைவிரல் ரேகை, கரியில்.
பின்புறம் பென்சிலில்,
அவளுடையதல்லாத கையெழுத்து:
‘மூடலாம், டீச்சர்.
அடுத்து எந்தக் கட்டத்துக்கு
என் காயை நகர்த்த?’

விதித்தாளை இரண்டு முறை புரட்டிவிட்டு
வெற்று அட்டை ஒன்றை விரித்தேன்.
முதலில் டோபியாஷ்தான்
பென்சில் கேட்டான்.