கைப்பிடி கொஞ்சம் முந்தி ஓடும்

மேலிருந்து கீழே வர மூன்று நிமிடம்.
அதற்குள் ஒரு கடிதத்தைப் படித்து மடித்துவிடலாம்.
சிலர் சண்டையைத் தொடங்கி முடித்தே விடுகிறார்கள்.
ஒருவன் தினமும் பாதி ஆரஞ்சு உரிக்கிறான்;
மீதியை ரயிலுக்குள் உரிப்பானாயிருக்கும்.
ரயில் என் எல்லையில் இல்லை.

என் எல்லை இந்தக் கண்ணாடிக் கூண்டு.
நகரும் படிகள் தட்டையாகித்
தரைக்குள் புகுமிடத்துக்கு எதிரே.
ஒரு நாற்காலி, ஒரு ஒலிவாங்கி, ஒரு சிவப்புப் பொத்தான்,
போன இலையுதிர்காலத்தில் ஓய்வுபெற்ற ஜூஜூனா
விட்டுப்போன ஒற்றைக் கம்பளிக் காலுறை.
பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம்.

திபிலிசியில் இந்த நிலையத்துக்கு மூன்று பெயர்.
ஒன்று பலகையில் இருக்கிறது.
ஒன்றைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள்,
ஆணி அடித்த துளைகள் மட்டும் மிச்சம்;
வயதானவர்கள் அந்தத் துளைகளைத்தான் வாசிக்கிறார்கள்.
மூன்றாவது, மினிபஸ்காரர்கள் கத்துவது:
"மார்க்கெட்டு! மார்க்கெட்டு!"

மார்க்கெட்டு என்றால் வேறொன்றுமில்லை,
வாசலில் கவிழ்த்த பெட்டிகள் பத்துப் பன்னிரண்டு.
பேட்டரி, கொத்தமல்லி, ஜன்னல் திரை,
பழைய பாட்டில்களில் புளிப்புப் பிளம் சாறு.
கடைசிப் பெட்டி மல்காஸுடையது.
அதன்கீழ், காதில் மஞ்சள் வில்லை குத்திய நகராட்சி நாய்.

மாலை ஐந்துக்கு மல்காஸ்
படகு போன்ற ரொட்டி ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி
ஆளில்லாத படியொன்றில் வைத்து அனுப்புவான்.
மூன்று நிமிடம்
ஆவி பறக்க, தனியாக,
விளக்கு விளக்காகக் கடந்து
இறங்கி வரும் ரொட்டி.
சட்டப்படி அது கேட்பாரற்ற பொருள்.
நான் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும்.
ஓடிப்போய், படியின் பற்கள் கவ்வுமுன்
இரண்டு கையாலும் எடுத்துக்கொள்வேன்.
அவன் முகத்தை நான் சரியாகப் பார்த்ததேயில்லை.
அங்கிருந்து அவன் ஒரு தொப்பி, அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை
ஐந்து மணிக்குப் படிகள் வந்தன.
ஐந்து பத்துக்கும் படிகள்தான் வந்தன.
இறங்கியவர்களின் பூட்ஸில் நசுங்கிய கொத்தமல்லி.
லாரி வந்ததாம், பெட்டிகளை ஏற்றினார்களாம்
என்று யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஒலிவாங்கியில் நான் பேசவேண்டிய வாக்கியங்கள் நான்கு.
படியில் உட்காராதீர்கள். ஓடாதீர்கள்.
வலப்பக்கம் நில்லுங்கள். குழந்தையின் கையைப் பிடியுங்கள்.
பதினோரு வருடத்தில் ஐந்தாவதாக ஒன்றைச் சொன்னேன்:
"மல்காஸை யாராவது பார்த்தீர்களா?"

எல்லா முகங்களும் நிமிர்ந்தன.
எத்தனை முகங்கள், கடவுளே,
அதுவரை தலைகளாக இருந்தவை.
ஒருவரும் பேசவில்லை. மேலே ஒரே ஒரு கை உயர்ந்தது.
அதன்பின் என்ன செய்வது?
பதிலும் மற்றவர்களைப் போலத்தான் வரவேண்டும்,
படியில் நின்று, வலப்பக்கமாக.
காத்திருந்தேன்.

ஆரஞ்சுக்காரன்.
"பாலத்துக்கு அடியில் நிற்கிறான், நாயும் கூட" என்றான்.
குப்பைத்தொட்டி இல்லாததால்
தோலை என் கூண்டின் விளிம்பில் வைத்துவிட்டு
ரயிலுக்கு ஓடினான்.
ஓடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை.

பத்தரைக்கு வேலை முடிந்து நானும் ஏறினேன்.
கைப்பிடி படியைவிடக் கொஞ்சம் முந்தி ஓடும்,
ஏறுகிறவர்களுக்கு மட்டும் தெரியும் விஷயம்.
உடம்பு பின்தங்க, கை முன்னே போய்க்கொண்டிருக்கும்.
பாதியில் ஒருமுறை
அதை இழுத்து நம்மோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.
இன்று இழுக்கவில்லை,
சாய்ந்தபடியே போனேன்.

பாலத்தடியில் இருட்டு. நாய் மட்டும் எழுந்து வந்து
என் கையை மோந்து பார்த்தது.
ஆரஞ்சு வாசனை பிடிக்கவில்லை போல.

எங்கள் கட்டட லிஃப்டுக்குக் காசு போடவேண்டும்,
ஒன்பதாவது மாடிக்குப் பத்துத் தெத்ரி.
போட்டேன்.
கதவு மூடியது. மேலே போகிறேன்.
கீழே உட்கார்ந்து
யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.