தூளிச் சுமை

கட்டடம் முழுவதற்கும் ஒரே கோடு போதும் என்று
போன மாதம்தான் கண்டுகொண்டேன்.
அதுவரை ஒவ்வொரு டிரஸ்ஸாகத் திறந்து
தகட்டுக்கு இவ்வளவு, காற்றுக்கு இவ்வளவு என்று
பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டுவதுபோல்
எழுதிக்கொண்டிருந்தேன்.
அப்படித்தான் அரவேணு குடோனில்
ஒன்பதாம் டிரஸ்ஸுக்குத் தண்ணீர்த் தொட்டி விட்டுப்போனது.
எட்டுக்கும் பத்துக்கும் நடுவில்
அது மட்டும் ஒன்றுமறியாமல் திரையில் பச்சையாய் நின்றது.
கோவையில் சரிபார்க்கிற சுலைகா மேடம்
சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
தொட்டி இந்த இடத்தில் அந்தரத்திலா நிற்கிறது?

இப்போது முதலில் கட்டடம், பிறகுதான் டிரஸ்.
தரைப்படத்தின்மேல் மூலை மூலையாகச் சொடுக்கி
தொடங்கிய புள்ளிக்கே கொண்டுவந்து மூட வேண்டும்.
மூடாத கோட்டுக்குள் எதுவும் தங்காது.
மூடினால்
அடியில் வருகிற ஒவ்வொரு தண்டும்
யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமலே
தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.
டிரஸ்ஸை நகர்த்து, சுமை நகராது.
அது கட்டடத்துடையது.

புதுக் கோப்பு திறந்ததும் மென்பொருள்
முதலில் பனிச்சுமை கேட்கும்.
எழுதியவர்கள் ஊரில் மண்வெட்டியால் தள்ளுவார்கள் போல.
கோத்தகிரிப் பனி வேறு.
ஜனவரி விடியலில் கொழுந்தைக் கருக்கிவிட்டு
எட்டு மணி வெயிலுக்குள் சாட்சியில்லாமல் போய்விடும்.
கூரைமேல் அதற்கு எடையே கிடையாது.
பூஜ்யம் இடுகிறேன்.
காற்றுக்குத்தான் தாராளம்.
ஆடியில் மேற்கிலிருந்து வருவது
கூரையை அழுத்த வருவதில்லை,
பிடுங்க வருகிறது.

இந்த வேலை கெங்கரை வழியில் ஒரு எஸ்டேட்டுக்கு.
கடிதத்தில் குழந்தைகள் காப்பகம்.
இலங்கையிலிருந்து திரும்பிவந்த லயத்துக்காரர்கள் வாயில்
பிள்ளை மடுவம்.
அளவெடுக்கப் போனபோது பழைய மரச்சட்டத்தில்
வழவழவென்று பள்ளங்கள்.
பதினொன்று எண்ணினேன்.
கரையான் வேலை இல்லை.
கயிறு, என்றார் பொறுப்பாளர் ஜெசிந்தா,
காலையில் தொங்கவிட்டு மலைக்குப் போவாங்க,
பாலூட்ட வரும்வரைக்கும் ஆடும்.
புதுசு இரும்புங்கிறீங்களே,
வழுக்காதா?

என் வரைபடத்தில் கீழ் தண்டுக்கு இருந்தது
உட்கூரைப் பலகை, இரண்டு மின்விசிறி.
கோத்தகிரியில் மின்விசிறி.
அதுவும் எங்கிருந்தோ வார்ப்புருவோடு வந்ததுதான்.

இரவு, தூங்கும் அறையைச் சுற்றி
தனியாக ஒரு கோடு போட்டேன்,
சமையல்கட்டை விட்டு,
ஈரத்துணி உலர்த்தும் மூலையைச் சேர்த்து.
நிலையானதா, மாறுவதா என்று கேட்டது.
தூங்குகிற பிள்ளை எந்த வகை?
மாறுவது.
எடை?
பிள்ளை பத்து கிலோ, நனைந்த சேலை ஒன்றரை.
அழுகை நிற்காவிட்டால் அக்காக்காரி ஆட்டும் வேகத்தில்
இரண்டு மடங்கு.
யாரும் பார்க்காதபோது அக்காவே ஏறி உட்காருவாள்.
தெரியும், ஏறியிருக்கிறேன்.
கயிற்றுக்கு நாற்பது என்று வைத்து
சதுர மீட்டருக்குப் பரப்பினேன்,
கோட்டுக்குள் எங்கே கட்டினாலும் தாங்கும்படி.

மூன்று டிரஸ் சிவப்பானது.
தண்டைக் கனமாக்கினால்
ஒவ்வொன்றுக்கும் அறுநூற்றுச் சொச்சம் கூடுகிறது.
மேலாளர் போஜராஜன் போனில் கேட்டார்:
எந்த விதிப்புத்தகத்தில் தூளி இருக்கிறது?
எதிலும் இல்லை.
மின்விசிறிகளை எடுத்துவிட்டேன் சார், என்றேன்.
பாதிக் கணக்கு அதில் நேராகியது.
மீதிக்கு அவர் கொஞ்சநேரம் பேசவில்லை,
பிறகு, சரி அனுப்புங்கள்.

பெயர்க் கட்டத்தில் தமிழ் ஏறவில்லை,
சதுரம் சதுரமாக விழுந்தது.
ஆங்கில எழுத்தில் தூளி என்று தட்டி
கோவைக்கு அனுப்பினேன்.

சுலைகா மேடத்திடமிருந்து மறுநாள் சிவப்பு மை:
தகட்டு விளிம்பு கயிற்றை அறுக்கும்,
குழாய் உறை போடவும்.
அதன்கீழ், சின்ன எழுத்தில்,
பதினொன்று போதுமா?