ஊதா, உன் விருப்பப்படி

எட்டே முக்காலுக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால்
இரண்டு ஐம்பது வரை பேருந்துக்கும் எனக்கும் வேலை இல்லை.
வேபர்னில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
எஞ்சின் உறையாமல் இருக்க
வண்டியின் மூக்கில் மின்சார வயரைச் செருகிவிட்டு
கராஜுக்குள் வருகிறேன்.
இங்கே ஹீட்டர் என் முழங்காலை மட்டும் மதிக்கும்.

லோர்ன் அனுப்பிய செய்தி:
கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட ஒரு பேனா வேண்டும்.
ஊதா. உன் விருப்பப்படி.
பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தவன்.
ஊதா எனக்குப் பிடிக்காது என்று
இன்னும் தெரியவில்லை அவனுக்கு.
நாற்பத்தைந்து டாலர். தள்ளுபடி கேட்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மேனிடோபா மேப்பிள்.
சூரிஸ் ஆற்றோரம் நகராட்சி அறுத்துத் தள்ளியது,
விறகுக்குக்கூட யாரும் குனியாத மரம்.
விரல் பருமனில் துண்டாக்கி
ராத்திரி முழுக்க அடுப்பில் உலர்த்தி
ஊதா கலந்த பிசினில் அமுக்கி
பம்ப்பை ஓடவிட்டேன்.
குமிழி குமிழியாகக் காற்று.
இத்தனூண்டு கட்டைக்குள் எவ்வளவு மூச்சு!
மாலை ஓட்டம் முடிந்து வந்தபோதும் விட்டுக்கொண்டிருந்தது.
பம்ப்பை நிறுத்திய பிறகுதான் அது குடிக்கும்.

வெட்டும் முன் பென்சிலால் ஒரு கோடு.
மேல் பாதி, கீழ் பாதி,
எந்த ரேகை எந்த ரேகையிடமிருந்து பிரிந்தது என்பதற்கு
அது ஒன்றுதான் சாட்சி.
துளை. பித்தளைக் குழாய். பசை.
கடைசலில் ஏற்றி உளியை வைத்ததும்
சட்டைக் கையெல்லாம் ஊதாச் சுருள்.
கொஞ்சம் ஆழம் போனேன்.
ஊதா தீர்ந்துவிட்டது.

உள்ளே ஒரு சிவப்பு.
நான் போடாத சிவப்பு,
எப்போதோ அடிபட்ட வருடத்தில்
மரம் தானே போட்டுக்கொண்டது.
சாயம் அதன் விளிம்பு வரை வந்து
நின்றுவிட்டிருக்கிறது.
அடுப்பில் சரியாக உலரவில்லை, அவ்வளவுதான்.
ஈரம் இருந்த இடத்தில் நிறம் ஏறாது.
இதை என் வாழ்க்கையோடு முடிச்சுப்போட
பக்கத்து வீட்டு ரோண்டா வந்தால்
கதவைச் சாத்திக்கொள்வேன்.

வேறு கட்டை எடுக்கலாம். நேரமும் இருந்தது.
எடுக்கவில்லை.

நானூறு, அறுநூறு, எண்ணூறு என்று உப்புத்தாள்.
பிறகு மேல்பூச்சாக மெல்லிய பசை, எட்டுத் தடவை.
கண் எரிகிறது.
பசைதான்.

திருகுப் பேனாவில் ஒரு வம்பு உண்டு.
முனை உள்ளே இருக்கும்போது ரேகையைச் சேர்த்துவைத்தால்
எழுதத் திருகியதும் விலகிவிடும்.
எழுதும்போது சேரட்டும் என்று வைத்தால்
சட்டைப் பையில் கோணலாகக் கிடக்கும்.
இரண்டு வேளைக்கும் சேராது.
சந்தையில் விற்பதையெல்லாம் மூடிய நிலையில் சேர்த்துவைப்பேன்,
மேசையில் பார்க்க அழகு, விலை படியும்.

இதைத் திருகினேன்.
முனை வெளியே வந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு
மேல் பாதியைச் செருகி
சிவப்பின் அறுந்த இரண்டு நுனியும் தொடும்வரை சுற்றினேன்.
பதிவேட்டில் ஓடுகிற அந்த நான்கைந்து வினாடி
முழுசாக இருக்கட்டும்,
அவனுக்கு, அந்த பெவர்லிக்கு, சாட்சிக்கு வருகிறவர்களுக்கு.
அப்புறம் பையில் போடுவான்.
கோணலைப் பார்த்தால் இழுத்துத் திருப்பிக்கொள்ளலாம்.
பார்த்தால்.

மை இறங்குகிறதா என்று
பெட்ரோல் ரசீதின் முதுகில் கையெழுத்துப் போட்டேன்.
பழக்கத்தில் கை அவன் குடும்பப் பெயரை எழுதிவிட்டது.
உரிமத்திலும் இன்னும் அதுதான்,
மாற்றப் போனால் ரெஜைனாவில் ஒரு நாள் போய்விடும்.

இரண்டு நாற்பது. வயரைப் பிடுங்கினேன்.
முதல் இருக்கைச் சிறுமி
ஸ்டியரிங்கைப் பிடித்த என் விரல்களையே பார்த்துவிட்டுக் கேட்டாள்,
உங்க நகம் ஏன் ஊதாவா இருக்கு?
இறங்கும்போது படி வழுக்கும்,
பார்த்துக் கால் வை என்றேன்.