ஒன்று நாற்பத்தேழில் ஒரு பாலம்

முன்னோட்டம் வந்த அன்று
கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
எனக்கு முன்னால் அறுநூறு மூட்டை.
மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.
ஒரு கையால் ஈரமானியில் நெல்லைப் போட்டுவிட்டு
மறு கையால் போனைத் திறந்தேன்.

பதினோரு வருஷம்.
வெல்டாரா இரண்டாம் பாகம் இதோ வருகிறது என்று
எத்தனை தேதி சொன்னார்கள், எத்தனை தள்ளிவைத்தார்கள்.
எங்களுக்கென்ன, பழக்கம்தான்.
ஜூன் பன்னிரண்டு என்பார்கள்,
மேட்டூரில் கதவு அசையாது.
அசைந்தாலும் கடைமடைக்கு எதுவும் கடைசியில்தான்.
நூற்றிருபது ஜிபியாம் இந்த ஆட்டம்.
என் போன் சிக்னலுக்கு அது
சம்பா அறுப்புக்குள் இறங்கினால் அதிர்ஷ்டம்.

எல்லோருக்கும் ஏதோ வேண்டியிருக்கிறது.
மன்னார்குடி லோகேஸ்வரனுக்கு டிராகன் மேல் ஏறணும்.
நாகூர்ப் பையன் ஒருவன்,
குதிரை இந்தமுறையாவது
படிக்கட்டில் சிக்கிக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்கிறான்.
எனக்கு ஆற்றில் இறங்கணும்.
முதல் பாகத்தில் அவ்வளவு பெரிய ஆறு,
முழங்கால் நனையுமுன்
கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று தடுக்கும்.
வெண்ணாற்றில் விழுந்து எழுந்தவளிடம்
ஆற்றைக் காட்டிவிட்டு இறங்காதே என்றால்?

அதெல்லாம் சும்மா.
நான் தேடியது பாலத்தை.

கூத்தாநல்லூரில் மாடியில் ஒரு பிரௌசிங் சென்டர்,
ஜுலைஹாவின் அண்ணன் கடை.
ஆளில்லாத மதியங்கள் எங்களுக்கு இலவசம்.
ஒரே கம்ப்யூட்டர்,
அவளுக்கொரு கணக்கு, எனக்கொரு கணக்கு.
கடைசிக் கட்டத்தில் அந்தப் பாலம் வரும்.
எரித்தால் எதிரிப் படை தாண்டாது, போர் முடியும்.
எரித்தால் பாலத்தின் மேலேயே குடியிருக்கிற
நூற்று நாற்பது பேரும் போவார்கள்,
ரொட்டி சுடுகிறவன்,
உடைந்த மணிகளுக்கு நாக்கு வைக்கிறவள்,
எப்போது போனாலும் ஒரே பொய்யைச் சொல்லும் சுங்கக்காரன்.

மூன்று நாள் யோசித்தேன். எரிக்கவில்லை.
தலைநகரம் விழுந்தது.
ஜுலைஹா ஒரே தட்டு.
எரிய எரியச் சமோசா தின்றாள்.
"அத்தனையும் பொம்மைடி."
"ரொட்டிக்காரன் பேராவது தெரியுமா உனக்கு?"
அதற்கப்புறம் அந்த மாடிப்படி நான் ஏறவில்லை.
கேட்டவர்களுக்கு வேறு காரணம் சொன்னேன்.

ஒரு நிமிடம் நாற்பத்தேழு நொடி.
நிறுத்தினேன்.
மூடுபனி. ஆறு. ஆற்றின் நடுவே
கரிந்த தூண்கள் ஐந்தாறு,
கோடையில் வெளியே தெரியும்
பழைய மதகின் பல்வரிசைபோல.

ஆக, நடந்தது அவளுடையது.
புதுக்கதை அந்தச் சாம்பலிலிருந்துதான் கிளம்புகிறது.
என் வெல்டாரா நடக்கவே இல்லை.
ஒரு நாட்டையே தோற்று
நான் பிழைக்க வைத்தவர்கள்
இனி எங்கே போய் நிற்பார்கள்?

"எவ்வளவும்மா காட்டுது?"

பதினெட்டு.
பதினேழுக்கு மேல் எடுக்க முடியாது,
கொட்டிக் காயவையுங்கள் என்றேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
வானத்தைப் பார்த்தார்.

ராத்திரி, தெரியாத எண். பினாங்கு.
"பாத்தியா, பாலம்."
ஜெயித்தவள் குத்திக்காட்டுகிறாள் என்று பேசாமலிருந்தேன்.
அரை மணி கழித்து இன்னொன்று:
"நீ வராமப் போனப்புறம் மறுபடி ஆடினேன்.
எரிக்கல. தோத்தேன்.
அந்த ஆட்டத்தைத்தான் அழிக்காம வெச்சிருந்தேன்.
அவன் பேரு ஹெம்ரிக்."

அப்படியானால் அந்தக் கரித்தூண்கள்
யாருடையவை?

டிராகன் வேண்டாம்.
ஆறுகூட அதன் சுவரோடே கிடக்கட்டும்.
புது நாட்டின் ஏதாவதொரு சந்தை மூலையில்
மாவுக் கையோடு ஒருவன் நின்று,
அன்றைக்கு நான் பாலத்தில் இல்லை,
அக்கரைக்கு உப்பு வாங்கப் போயிருந்தேன் என்று
ஒரு வரி சொன்னால் போதும்.

வெளியே தூறல் பிடித்துக்கொண்டது.
அந்தப் பதினெட்டுக்காரர்
தார்ப்பாய் கொண்டுவந்திருந்தாரா,
நினைவில்லை.
போனை எடுத்து பதில் அடித்தேன்:

"ஹெம்ரிக் இல்லடி.
ஹெம்ரின்."